வான்கோழிக்கு வந்த நோயும் மனிதனுக்கு வராத சட்டமும்

பி.காம் படிக்கிறவனுக்குப் பூஞ்சணத்தைப் பற்றி எழுத என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். இந்தக் கதையில் விஞ்ஞானம் பாதி என்றால் வணிகம் பாதி. படித்துவிட்டுச் சொல்லுங்கள் :-)

1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துப்போயின. என்ன நோய் என்றே புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடித் தேடிக் கடைசியில் தீவனத்தில் வந்து நின்றார்கள். பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கு! அதில் வளர்ந்திருந்த 'அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்' என்ற பூஞ்சணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கி அந்த நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயரிட்டார்கள்.

இது வயலிலேயே தொடங்கும் ஆபத்து. கடலை முற்றும் நேரத்தில் மழையில்லாமல் செடி வாடினால் பூஞ்சணம் காய்க்குள் நுழையும். பறித்த பிறகு சரியாகக் காய வைக்காமல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் பெருகும். வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுதாகப் போகாது. கசக்கிற கடலையை நாம் துப்பிவிடுகிறோம், சரி. நாக்குக்குத் தெரியாத அளவிலும் நஞ்சு இருக்கும். வருடக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதிக அளவில் சேர்ந்தால் சில வாரங்களிலேயே உயிர் போகலாம்.

அப்படித்தான் 1974-ல் நம் நாட்டில் நடந்தது. குஜராத், ராஜஸ்தான் எல்லையில் உள்ள பழங்குடி கிராமங்களில் மஞ்சள் காமாலை வந்து, வயிற்றில் நீர் கோத்து, வரிசையாக மக்கள் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்துபோனார்கள். ஊர் நாய்களுக்கும் அதே நோய். காரணம், பருவம் தப்பிய மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம். அவர்களே விளைவித்து, அவர்களே சாப்பிட்டது.

இனி வணிகத்துக்கு வருவோம். பணக்கார நாடுகள் இந்த நஞ்சுக்கு உச்ச வரம்பு வைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1998-ல், நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தது. 2001-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். சர்வதேச வரம்போடு ஒப்பிட்டால், ஐரோப்பாவின் இந்தக் கெடுபிடியால் ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதியில் 67 கோடி டாலர் குறையும், தடுக்கப்படும் மரணமோ ஆண்டுக்கு நூறு கோடி பேரில் ஏறத்தாழ 1.4 என்றார்கள். இழப்புக் கணக்கு மிகை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அது இருக்கட்டும். இந்த விவாதம் முழுக்கத் துறைமுகத்தைச் சுற்றியே நடந்தது என்பதுதான் என் கவலை.

2004-ல் கென்யாவில் மக்குவேனி, கிட்டுயி மாவட்டங்களில் மறுபடியும் அதே சோகம். 317 பேருக்கு நோய், 125 பேர் மரணம். ஈரத்தோடு வீட்டுக்குள் சேமித்த சொந்த மக்காச்சோளம். அந்த நாட்டிலும் அப்போது 20 மைக்ரோகிராம் என்ற வரம்பு இருந்தது. ஆனால் தன் வயலில் விளைந்து தன் அடுப்பில் வேகும் தானியத்தை எந்த அதிகாரி சோதிப்பார்? கப்பலேறும் மூட்டைக்குச் சோதனை உண்டு, உலையில் விழும் படிக்கு இல்லை.

சரி, தீர்வே இல்லையா? இருக்கிறது, அதுவும் மலிவாக. கினியாவில் 20 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. பத்துக் கிராமங்களில் மட்டும் சில பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். சொத்தைக் கடலையைப் பொறுக்கி எறிவது, வெறுந்தரையில் கொட்டாமல் பாயில் காய வைப்பது, காற்றுப் புகும் சாக்கில் கட்டுவது, மூட்டையை மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது... அவ்வளவுதான். ஐந்து மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால், மற்ற கிராமத்தாரிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவான நஞ்சுத் தடமே இவர்களிடம் இருந்தது.

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? நாம் படிக்கும் பாடத்தில் இதற்கு விடை இருக்கிறது. சரக்கு எடை போட்டு விற்கப்படுகிறது. ஈரம் இருந்தால் எடை கூடும், காய வைத்தால் குறையும். நன்றாகக் காய்ந்த மூட்டைக்குக் கூடுதல் விலை இல்லையென்றால், ஒழுங்காகக் காய வைப்பவனுக்குத்தான் நஷ்டம். பாயும் சாக்கும் வாங்கும் செலவும் அவன் தலையில்தான். நம்மூர்க் கடலைக்கும் இது பொருந்தும்.

வான்கோழிப் பண்ணைக்காரர்களுக்கு நஷ்டம் வந்ததும் உலகம் காரணத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பதினான்கு வருடம் கழித்தும், நாற்பத்து நான்கு வருடம் கழித்தும், அதே காரணத்தால் ஏழைகள் செத்தார்கள். உணவுப் பாதுகாப்புச் செலவை விவசாயியோடு பகிர்ந்துகொள்ள அரசும் வாங்குபவர்களும் முன்வரும் வரை, இந்தக் கணக்கு நேராகாது என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?