துறைமுகத்து எலியும் கூண்டு எலியும்

வட சென்னைக்காரர்களிடம் "எலி" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. பரண்மேல் ஓடுவது வீட்டெலி. சாக்கடை ஓரத்தில் மண்ணைத் தோண்டிக் குவிப்பது பெருச்சாளி. இவை போக, தடித்த உடலும் குட்டை வாலுமாக மூன்றாவது ஒன்று உண்டு: பழுப்பு எலி. வட சீனம், மங்கோலியப் பக்கம் தோன்றி, கப்பலேறி உலகெங்கும் பரவிய இனம். இந்தியாவில் உள்நாட்டு ஊர்களில் இதை அதிகம் காண முடியாது; மும்பை, கொல்கத்தா, சென்னை என்று துறைமுக நகரங்களோடு நின்றுவிட்டது. கப்பலைக் கரையோடு பிணைக்கும் வடங்களில் வட்டத் தகடுகளை மாட்டுவது இது ஏறி இறங்காமல் தடுக்கத்தான். கப்பலில் எலி இல்லை என்று சான்றிதழ் தரும் வழக்கமே ஒரு காலத்தில் இருந்தது. 2007-இல் அதன் இடத்தைக் கப்பல் சுகாதாரச் சான்றிதழ் பிடித்துக்கொண்டது.

மருந்து ஆய்வுக்கூடங்களில் வெள்ளை உடலும் சிவந்த கண்ணுமாக இருக்கிறதே, அதுவும் இதே பழுப்பு எலிதான். வேறு இனம் என்றே பலரும் நினைக்கிறார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒருபுறம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, மறுபுறம் துறைமுகம். மருத்துவப் பாடப் புத்தகத்தில் வரும் எலிக்கும் துறைமுகக் குடோன் எலிக்கும் பூர்வீகம் ஒன்றே என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

நிற வேறுபாடு சின்ன விஷயத்தில் தொடங்குகிறது. மெலனின் என்ற நிறமியை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். வெள்ளை எலியில் அந்த நொதியின் 299-வது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்; முடி, தோல், கண் எதிலும் நிறமி இல்லை. கண்ணின் சிவப்பு உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம். வண்டலூரில் கூட்டம் கூட்டி நிற்கும் வெள்ளைப் புலி இந்தக் கணக்கில் சேராது: அதற்குக் கோடுகள் உண்டு, கண் நீலம், மாறியிருப்பதும் வேறு மரபணு.

1906-இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் தொடங்கிய வெள்ளை எலி வழி இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் 172 ஆய்வுக்கூட எலி வழிகளைச் சோதித்தார்கள். அவற்றில் 117 வெள்ளை. அந்த 117-லும் இருந்தது அதே ஒரு பிழைதான். அதாவது எல்லாவற்றுக்கும் பாட்டன் ஒருவனே. அதோடு, தலையும் தோளும் மட்டும் கறுத்த ஒருவகை எலியின் மரபும் அத்தனையிலும் மறைந்திருந்தது. அப்படியானால் முதல் வெள்ளைக் குட்டி பிறந்தது காட்டிலோ சாக்கடையிலோ இல்லை. நிறம் பார்த்து வளர்க்கப்பட்ட எலிகளுக்கு நடுவே. ஒசாகாவில் 1775-லேயே எலி வளர்ப்புக்குக் கையேடு அச்சிட்டிருக்கிறார்கள் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

இப்படி நிறமியே இல்லாத அல்பினோ வெளியில் பிழைக்காது என்பது வழக்கமான பேச்சு. காரணம் இரண்டு சொல்வார்கள்: பார்வை மட்டு, பளிச்சென்று தெரியும். முதல் காரணம் உண்மை. விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் அல்பினோவில் முறை மாறி இணைகின்றன; ஆழம் கணிக்கச் சிரமப்பட்டுத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே பார்க்கும். சாதாரண விளக்கொளி நாள்கணக்கில் இடைவிடாமல் பட்டால் அதன் விழித்திரை அழிகிறது என்று 1966-லேயே காட்டினார்கள். ஆனால் குடோன் இருட்டில் மூட்டைச் சந்தில் ஓடும் பிராணிக்குக் கண் எதற்கு? மீசையும் மூக்கும்தான் அதற்கு வழிகாட்டி. என் கணிப்பில், எலியைப் பொறுத்தவரை முதல் காரணம் பாதிக்குப் பாதி பலவீனமானது. இரண்டாவது நிற்கும். மிச்சிகனில் லீ டைஸ் என்ற ஆய்வாளர் 1940-களில் மண் நிறத்துக்குப் பொருந்தும் எலிகளையும் பொருந்தாதவற்றையும் ஆந்தை முன் விட்டார். மங்கிய ஒளியிலும் பொருந்தாதவையே அதிகம் சிக்கின. பழைய கட்டடங்களில் கூகை குடியிருக்கும் ஊரில் வெள்ளை முதுகு ஆபத்துதான்.

இதைவிடப் பெரிய வேறுபாடு உடம்புக்குள் இருக்கிறது. இன்னொரு துறைமுக நகரமான பால்டிமோரில், தெருவில் பிடித்த எலிகளையும் ஆய்வுக்கூட எலிகளையும் கர்ட் ரிக்டர் என்ற ஆய்வாளர் அறுத்து ஒப்பிட்டார். பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் அட்ரீனல் சுரப்பி தெரு எலியில் பெரிது, கூண்டு எலியில் சிறிது. கையில் தூக்கினால் வெள்ளை எலி சாதுவாக உட்கார்ந்திருப்பதற்கும் குடோன் எலி விரலைப் பதம் பார்ப்பதற்கும் இது ஒரு காரணம்.

அந்தச் சாதுத்தனத்தை வெள்ளை நிறத்தின் கணக்கில் எழுதுவதுதான் தவறு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் 1972 முதல் பழுப்பு எலிகளிலேயே சாதுவானவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்தார்கள். எலிகள் கைக்குள் அடங்கின, அல்பினோ ஆகாமலே. சாதுவாக்கியது பொறுக்கிய கைதான். அந்த மாற்றமும் முழுமையானதல்ல: ஆக்ஸ்போர்டின் மானுவல் பெர்டோய் 75 ஆய்வுக்கூட எலிகளைத் திறந்தவெளி வளாகத்தில் விட்டபோது, அவை வளை தோண்டி, பாதை போட்டு, தலைவன் யார் என்று சண்டையிட்டுப் பழைய வாழ்க்கைக்குத் திரும்பின.

இந்தியச் சட்டமோ தெரு எலியையும் கூண்டு எலியையும் வெவ்வேறு பிராணியாகவே நடத்துகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் ஐந்தாம் அட்டவணையில், அதாவது தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டாலும் எலிக்குப் புதிய பாதுகாப்பு எதுவும் வரவில்லை. எலிக்காய்ச்சல் கிருமியைச் சிறுநீரில் சுமந்து திரிவதால் மழைக்காலத்தில் பாசாணத்துக்கு நியாயமும் உண்டு. கூண்டு எலிக்கு ஊசி போடவேண்டும் என்றாலோ 1998 விதிகளின்படி நிறுவனத்தின் விலங்கு அறநெறிக் குழு அனுமதிக்க வேண்டும். எத்தனை எலி, எதற்காக, வலிக்கு என்ன ஏற்பாடு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கூண்டு எலி ஒன்று தப்பிச் சாக்கடையில் இறங்கி, பழுப்பு எலியோடு கூடினால் குட்டிகள் அத்தனையும் நிறத்தோடு பிறக்கும். வெள்ளை மரபு அவற்றுக்குள் பதுங்கியிருக்கும். அந்த மரபைச் சுமக்கும் இரண்டு எலிகள் தற்செயலாகச் சேர்ந்தால்தான், அதுவும் சராசரியாக நாலு குட்டிக்கு ஒன்று, வெள்ளையாகப் பிறக்கும்.