மாரண்டஹள்ளி வட்டார உணவும் சூழல் சிக்கனமும்

மாரண்டஹள்ளி, தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே இந்த ஊருக்கு ஒரு நிலையம் உண்டு. அருகிலுள்ள பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. அந்த ஆறு தெற்கே போய் ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி இது. மானாவாரிக் காட்டில் ராகியும் மொச்சையும், கிணற்றுப் பாசனத்தில் தக்காளியும் தென்னையும் விளைகின்றன. மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் அதிகச் சுமை வைக்காமல் சாப்பிடுவது எப்படி என்று உலகம் இன்று தேடிக்கொண்டிருக்கும் விடையில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தின் பழைய சாப்பாட்டிலேயே இருக்கிறது. அது தொடர வேண்டுமானால் வீட்டுக்காரரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. ரேஷன் கடையும் கொள்முதல் நிலையமும் தெருமுனை மாவு மில்லும் கூடவே நிற்க வேண்டும்.

உணவின் சூழல் சுமையைப் பற்றி அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளை அவர்கள் தொகுத்தார்கள். மனிதர் வெளியேற்றும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 26 விழுக்காடு உணவு சார்ந்தது என்பது அவர்கள் கணக்கு. உணவை லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் கொண்டுபோவதால் வரும் பங்கு அந்த 26-இல் மிகச் சிறியது. பக்கத்து ஊரில் விளைந்ததை வாங்கினாலே போதும் என்ற பரவலான நம்பிக்கையை இது அசைத்துப் பார்க்கிறது. உணவு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் என்ன உணவு, எப்படி விளைந்தது என்பதே சுமையைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டுச் சமையலறையில் இந்தக் கணக்கு முதலில் தொடுவது அரிசியைத்தான். தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசி சுமார் 4 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றத்தோடு வீடு வந்து சேர்கிறது. அப்படியானால் மாதம் 20 கிலோ ரேஷன் அரிசிக்கு 80 கிலோ. சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றில் உள்ள 14.2 கிலோ வாயுவை முழுவதும் எரித்தாலும் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயுதான் வரும். அடுப்பை அணைத்து அணைத்து வாயுவை மிச்சப்படுத்தும் ஒரு குடும்பத்தின் அரிசி மூட்டைக்குள் இரண்டு சிலிண்டர் அளவுக்கு வெளியேற்றம் ஒளிந்திருக்கிறது. வயலுக்கு வயல் இந்த அளவு கூடும், குறையும். தண்ணீரைத் தொடர்ந்து கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் மீத்தேன் கணிசமாகக் குறைகிறது. திருந்திய நெல் சாகுபடியின் அடிப்படைகளுள் அதுவும் ஒன்று.

ராகிக்கு இந்தச் சிக்கலே இல்லை. அது தேங்கிய தண்ணீரில் நிற்கும் பயிர் அல்ல. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்து சேர்ந்த தானியம் அது. வெயிலையும் வறட்சியையும் தாங்கி, நெல்லுக்குத் தேவைப்படும் நீரில் ஒரு பகுதியைக் கொண்டே விளைந்துவிடும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. நன்றாகக் காயவைத்து எடுத்துவைத்தால் ராகியைப் பூச்சி அவ்வளவாக அண்டாது, ஆண்டுக்கணக்கில் கெடாது. குதிரிலும் மண்ணுக்கடியில் தோண்டிய குழியிலும் சேமித்து, மழை பொய்த்த ஆண்டுகளைக் கடக்க மக்கள் நம்பியிருந்த தானியம் இதுதான். அறுவடைக்குப் பின் மிஞ்சும் தாள் போராகக் குவிக்கப்பட்டு மாட்டுக்குத் தீவனமாகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காடுகளில் ராகியைத் தனியாக விதைப்பது குறைவு. சில சால் ராகிக்கு ஒரு சால் மொச்சையோ துவரையோ என்று ஊடுபயிர் போடுவார்கள். பயறு வகையின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் நிலைநிறுத்துகின்றன, யூரியாவின் தேவை குறைகிறது. யூரியா குறைந்தால், கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் வீரியமான நைட்ரஸ் ஆக்சைடும் குறையும். ராகியின் புரதத்தில் லைசின் குறைவு, பயறு அதை ஈடுகட்டுகிறது. ஆக, காட்டில் சேர்ந்து விளைவதே தட்டிலும் சேர்ந்து வருகிறது. ராகி அறுவடை முடிந்த பின்னும் மொச்சை நிலத்தில் நின்று பனிக்காலத்தில் காய்க்கும். பச்சை மொச்சைக் கொட்டையை ஊறவைத்து, விரலால் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலைக் கழித்து வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பு இந்தப் பக்கத்தின் மார்கழி, தை மாதச் சிறப்பு. கழித்த தோல் மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

களி கிண்டுவதையும் இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ராகி வீட்டைவிட்டுப் போனதற்கான காரணங்களில் ஒன்று அதில் இருக்கிறது. கொதிக்கும் நீரில் நொய்யரிசியைக் குழைய வேகவிடுவார்கள். அதன்மேல் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி போட்டு, மூடி வைத்துச் சிறு தீயில் புழுங்கவிடுவார்கள். பிறகு பானையைத் தரையில் இறக்கி, அசையாமல் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாவுக் கட்டி ஒன்றுகூட இல்லாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். ஆறு பேர் வீட்டுக்கான களி என்றால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும் வேலை. கையைத் தண்ணீரில் நனைத்துச் சூடாக உருட்டினால் களி உருண்டை தயார். கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ பக்கத்தில் இருக்கும். களியை மெல்லாமல் விள்ளலாக எடுத்துக் குழம்பில் தோய்த்து விழுங்குவதே வழக்கம். இரவில் மீந்த உருண்டை தண்ணீரில் கிடந்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைக்கப்பட்டு, வெங்காயத்தோடும் பச்சை மிளகாயோடும் பசியாற்றும்.

மிச்சம் என்று ஒன்றை வைக்காத இந்தச் சாப்பாட்டின் அருமை, உலகின் கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். மக்களைச் சென்றடைந்த உணவில் ஐந்தில் ஒரு பங்கு அது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. வீட்டில் வீணாகும் அளவு உலகச் சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ, இந்தியாவில் 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது.

வீட்டுக்கு வருமுன்பே வீணாவது வேறு. பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பகுதி தக்காளிக்குப் பேர்போனது. வரத்து பெருகும் வாரங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாத விலைக்குத் தக்காளி இறங்கிவிடும். அப்போது பழங்கள் செடியிலேயே விடப்படும், மாட்டுக்குப் போகும், சாலையோரம் கொட்டப்படும். அதற்கு நேர்மாறாக 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்தது. கொட்டப்படும் ஒவ்வொரு பெட்டியோடும் நாற்று, உரம், ஊன்றுகழி, ஆழ்துளைக் கிணற்று நீர், அதை மேலேற்றிய மின்சாரம் எல்லாமே கொட்டப்படுகின்றன. விலை சரிந்த வாரத்தில் கூடுதலாக வாங்கித் தொக்காகக் கிளறி வைப்பதும், நறுக்கி உப்பிட்டு வெயிலில் வற்றல் போடுவதும் வாங்குபவர் செய்யக்கூடியவை. இரண்டும் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமான வேலைகளே. வெயில் தாராளமாகக் கிடைக்கும் மாவட்டத்தில் வற்றலுக்கு எரிபொருள் செலவு கிடையாது.

தண்ணீரும் இங்கே பொதுச் சொத்துதான். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல தலைமுறைகளின் பற்களும் எலும்புகளும் அதனால் பாதிக்கப்பட்டன. காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இப்படிப்பட்ட மண்ணில் தண்ணீர் அதிகம் கேட்கும் பயிருக்காக நிலத்தடி நீரை மேலும் மேலும் இறைப்பது அடுத்தவர் பங்கில் கைவைப்பதுதான். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகள் நூறு விழுக்காடு மானியத்தில் கிடைப்பதால் தக்காளித் தோட்டங்களில் நீர்ச் செலவைக் குறைக்க வழி பிறந்திருக்கிறது.

இறைச்சியைப் பற்றிய உலகப் புள்ளிவிவரங்களை இந்த வட்டாரத்துக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது நியாயமாகாது. பூரும் நெமெசெக்கும் சொல்லும் சராசரியில், 100 கிராம் புரதத்துக்கு இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாட்டின் வெளியேற்றம் சுமார் 50 கிலோ, கோழியுடையது 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பட்டாணியுடையது அரைக் கிலோகூட இல்லை. ஆடும் அசைபோடும் விலங்குதான், அதுவும் மீத்தேன் வெளியிடுகிறது. ஆனால் உலகிலேயே ஆள்வீத இறைச்சி நுகர்வு மிகக் குறைந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கரட்டிலும் தரிசிலும் மேய்ந்த ஆட்டின் கறியை எப்போதாவது சமைக்கும் குடும்பத்திடம் போய்க் குறைத்துக்கொள்ளச் சொல்வதில் பொருளில்லை. அந்த அறிவுரை பொருந்தும் இடம், வாரத்தில் பல நாள் பிரியாணி வரவழைக்கும் நகரத்து வீடு. அங்கே இரண்டு வேளையை மொச்சைக்கும் பாசிப்பயறுக்கும் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

பொட்டலம் கட்டும் விதத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஆனாலும் சுடச்சுடச் சாம்பாரும் தேநீரும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் இன்னும் கைமாறுகின்றன. கடைக்குத் தூக்குவாளி எடுத்துப் போகும் பழக்கம் திரும்பினால் அந்தப் பைக்கு வேலை இல்லை.

ராகி மெல்ல மெல்ல ஒதுங்கியதற்கு அரசின் கொள்கைக்கும் பங்குண்டு. பசுமைப் புரட்சிக்குப் பின் ஆராய்ச்சி, கொள்முதல், ரேஷன் எல்லாம் நெல்லையும் கோதுமையையும் சுற்றியே அமைந்தன. 1960-களில் இந்தியாவில் ஏறக்குறைய 25 லட்சம் ஹெக்டேரில் விளைந்த ராகி பின்னர் பாதி அளவுக்குச் சுருங்கியது. கர்நாடகத்தில் இந்திய, ஆப்பிரிக்க ராகி வகைகளை ஒட்டுச்சேர்த்து ‘இண்டாஃப்’ ரகங்களை உருவாக்கிய லட்சுமணய்யாவைப் போன்றவர்களின் உழைப்பால் விளைச்சல் கூடியதால்தான் இந்த அளவாவது தாக்குப்பிடித்தது. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய பெரிய ஏற்பாடு அது, அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆயினும், விலையில்லாமல் வரும் வெள்ளை அரிசிக்கு முன்னால், காசு கொடுத்து வாங்கி, கல் நீக்கி, அரைத்து, கிண்டிச் சாப்பிட வேண்டிய ராகி எப்படி நிற்கும்?

உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த 2023-இல் அந்த நிலை சற்று மாறியது. அந்த ஆண்டு மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டம் தொடங்கியது. அதற்காகத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் விவசாயிகளிடம் நேரடியாக ராகி கொள்முதல் செய்யலாயிற்று. குவிண்டாலுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை 2022–23-இல் 3,578 ரூபாய், 2025–26-இல் 4,886 ரூபாய். இடைத்தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியிருந்த மானாவாரி விவசாயிக்கு இது பெரிய பிடிமானம்.

குறைகளும் உண்டு. மாதம் 2 கிலோ என்பது நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்குச் சில வேளைக் களிக்குத்தான் காணும். ரேஷனில் வருவது முழுத் தானியம், அதைப் புடைத்து, காயவைத்து, மில்லுக்குத் தூக்கிப்போகும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது.   அரசே அரைத்த மாவாகக் கொடுப்பது ஒரு வழி, ஆனால் மாவு முழுத் தானியத்தைப் போல நீண்ட நாள் தாங்காது. இதைத் தீர்க்க, ஊருக்குள்ளேயே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கல் நீக்கி அரைத்து அவ்வப்போது புதுமாவாகத் தரும் ஏற்பாடு பரவலாக வேண்டும். நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமைக்கும் தினைக்கும் செய்து பார்த்தது ஏறத்தாழ இதைத்தான். உரலில் குத்தும் பாடு போக அங்கே சிறு இயந்திரங்கள் வைக்கப்பட்டன, மலைப் பெண்களின் குழுக்களே அவற்றை நடத்தின.