மாட்யூலுக்கு இடம் விட்ட சர்வர்

1994-இன் நடுவில் ராப் மெக்கூல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தை விட்டுப் போனதும், அன்று இணையத்தில் பரவலாக ஓடிக்கொண்டிருந்த வெப் சர்வருக்குக் கவனிப்பார் இல்லாமல் போயிற்று. மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்ததால், தளம் நடத்தியவர்கள் அவரவர் கண்ட பிழையை அவரவரே திருத்திக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் சேர்ந்து, ஆங்காங்கே சிதறிக் கிடந்த அந்தத் திருத்தங்களைத் திரட்டத் தொடங்கினார்கள். அந்த ஏப்ரலில் அந்தத் தொகுப்பு அப்பாச்சி 0.6.2 என்ற பெயரில் வெளிவந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது: தன்னார்வலர்கள் கூடினார்கள், இலவசமாகக் கொடுத்தார்கள், வென்றார்கள். எனக்கு இந்தக் கதை போதவில்லை. என்சிஎஸ்ஏ சர்வரும் காசு கேட்கவில்லை, ஜெனிவாவின் செர்ன் சர்வரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் மூலநிரல் கிடைத்தது. அப்படியிருக்க, 1996-இலேயே வெப் சர்வர்களை எண்ணும் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் அப்பாச்சி முதலிடத்துக்கு வந்து, பல ஆண்டுகள் அங்கேயே நிலைத்தது எதனால்? 1995 கோடையில் அது எடுத்த ஒரு முடிவே காரணம் என்று நினைக்கிறேன். சர்வரின் மையம் தன்னால் இயன்ற அளவு வேலைகளை, தனியே எழுதிச் சேர்க்கக்கூடிய துண்டுகளான மாட்யூல்களிடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டது.

அந்தத் திருத்தங்கள் உலவிய பேட்ச் என்ற ஏற்பாட்டின் குறையைப் பார்த்தால் இந்த முடிவின் அருமை புரியும். பேட்ச் என்பது மூலநிரலின் குறிப்பிட்ட வரிகளை மாற்றும் கட்டளைக் கோப்பு. உங்கள் பேட்ச் தொடும் வரிகளையே என் பேட்சும் தொட்டால் இரண்டும் மோதும். ஆள் கூடக்கூட மோதலும் கூடும். அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த ராபர்ட் தாவ் இதற்கு விடையாக, ஷம்பாலா என்ற பெயரில் சர்வரின் உள்கட்டமைப்பையே புதிதாக எழுதினார். அப்பாச்சி குழு அதை ஏற்றுக்கொண்டு, 0.8 வரிசையில் அதன்மேல் நின்றது. 1995 டிசம்பர் 1 அன்று 1.0 வெளிவந்தது.

தாவ் செய்தது இதுதான். ஒரு பக்கத்தைக் கேட்டு வரும் கோரிக்கை சர்வருக்குள் பல கட்டங்களைக் கடக்கிறது: முகவரியைக் கோப்பாக மாற்றுவது, கேட்பவர் யார் என்று பார்ப்பது, அவருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது, கோப்பின் வகையை அறிவது, பதிலை அனுப்புவது, கடைசியில் லாக் கோப்பில் ஒரு வரி எழுதுவது. எந்தக் கட்டத்தில் தனக்கு வேலை என்று ஒவ்வொரு மாட்யூலும் முன்கூட்டியே பதிந்துவைக்கும். கட்டம் வந்ததும் சர்வர் அதைக் கூப்பிடும். மாட்யூல் மூன்றில் ஒரு விடை தரலாம்: ‘முடித்துவிட்டேன்’, ‘இது என் வேலை இல்லை, அடுத்தவரைக் கேள்’, அல்லது ஒரு பிழை எண். நடுவிலுள்ள அந்த விடைதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். அது இருந்ததால்தான் ஒருவரையொருவர் அறியாத இருவர் எழுதிய மாட்யூல்கள் ஒரே சர்வரில் சண்டையில்லாமல் இருக்க முடிந்தது. அதோடு, குழு தானே எழுதிய அம்சங்களுக்கும் தனிச் சலுகை எடுத்துக்கொள்ளவில்லை. லாக் எழுதுவதும், கடவுச்சொல் சரிபார்ப்பதும், பக்கத்தை உருவாக்கும் வெளி நிரல்களைச் சிஜிஐ முறையில் ஓட்டுவதும்கூட மாட்யூல்களாகவே எழுதப்பட்டன. வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் ஒரே பந்தி.

பலன் விரைவாகவே தெரிந்தது. சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய பிராசஸ் பிறந்து மடிய வேண்டும். பெர்ல், பிஎச்பி மொழிகள் மாட்யூல்களாகச் சர்வருக்குள்ளேயே வந்தபோது அந்தச் செலவு மறைந்தது. ஜெர்மனியில் ரால்ஃப் எங்கல்ஷால் 1996-இல் எழுதிய மாட்-ரீரைட் மூலம் முகவரிகளை விதிகளால் மாற்றியமைக்க முடிந்தது. 1998-இல் வந்த 1.3, ஓடும் சர்வரை மறுபடி கம்பைல் செய்யாமலே மாட்யூலைச் சேர்க்க வழிசெய்தது. அதற்கான கருவி ஏபிஎக்ஸ்எஸ்: ஒரே கட்டளையில் மாட்யூலைக் கம்பைல் செய்து, உரிய இடத்தில் வைத்து, கான்ஃபிக் கோப்பில் அதை ஏற்றும் வரியையும் எழுதிவிடும். மூலநிரலைத் தொடத் தயங்கிய நிர்வாகிகளுக்கும் இதனால் கதவு திறந்தது.

மாட்யூல் வசதி அப்பாச்சிக்கு மட்டும் உரியதா என்று ஒருவர் கேட்கலாம். நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் தங்கள் சர்வர்களில் இத்தகைய இணைப்பு வழிகளைத் தந்தது உண்மை. ஆனால் அவற்றின் மையம் மூடியிருந்தது. வழி போதாத இடத்தில் வெளியாள் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். அப்பாச்சியிலும் வழி போதாத தருணங்கள் வந்தன. வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் தடைபோட்டிருந்த காலத்தில், இங்கிலாந்தில் பென் லாரியின் அப்பாச்சி-எஸ்எஸ்எல், அதை அடியொற்றி 1998-இல் எங்கல்ஷாலின் மாட்-எஸ்எஸ்எல் என, பாதுகாப்பான இணைப்பு வெளியிலிருந்தே வந்தது. மாட்-எஸ்எஸ்எல்லுக்கு 1.3-இன் ஏற்பாடு போதவில்லை. மையத்தையே பேட்ச் செய்து விரிவாக்கித்தான் எங்கல்ஷால் அதைப் பொருத்தினார். மூலநிரல் திறந்திருந்ததால் அது முடிந்தது. 2002-இல் நிலைபெற்ற 2.0-வில் மாட்-எஸ்எஸ்எல் சர்வரோடு சேர்ந்தே வந்தது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. மாட்யூல்களே பின்னாளில் அப்பாச்சியின் காலைக் கட்டின என்பார்கள். இதில் பெரும்பகுதி சரி. சர்வரின் நினைவகத்துக்குள்ளேயே ஓடும் மாட்யூல் விழுந்தால், அதைச் சுமக்கும் பிராசஸும் விழும். 2.0 த்ரெட்களில் ஓடும் முறையைக் கொண்டுவந்தும், பிஎச்பியின் பல நூலகங்கள் த்ரெட்களுக்கு ஒத்துவராததால், எண்ணற்ற தளங்கள் ஒரு இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்ற பழைய முறையிலேயே கிடந்தன. 2004-இல் வெளியான இகோர் சிசோயேவின் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர், சில பிராசஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கியது. ஆனாலும் இதை மாட்யூல் முறையின் தோல்வியாக நான் கருதவில்லை. சுமையானது மாட்யூல் குடியிருந்த இடம். மொழியைத் தனிப் பிராசஸுக்கு அனுப்பியதும் அந்தச் சுமை இறங்கிற்று. அப்படிப் பிஎச்பியைத் தனியே ஓட்டும் எஃப்பிஎம் 2010-இல் அம்மொழியின் அதிகாரபூர்வ வெளியீட்டிலேயே இடம்பெற்றது. 2012-இல் அப்பாச்சி 2.4, இணைப்புகளைக் கையாளும் இயந்திரத்தையே கான்ஃபிக் கோப்பில் மாற்றிக்கொள்ளும் மாட்யூலாக ஆக்கியது. என்ஜின்எக்ஸும் மாட்யூல்களாலேயே கட்டப்பட்டது. மறுகம்பைல் இல்லாமல் அவற்றை ஏற்றும் வசதி அதற்கு 2016-இல்தான் கிடைத்தது.