இரவலாகப் பெற்ற வாழ்வு

மனிதரின் உடலை மனிதர் உண்டனர் என்ற செய்தி காதில் விழுந்தவுடன் நம் முகம் சுளிக்கிறது. ஆனால் செவி மட்டும் கூர்மை அடைகிறது. அருவருப்பும் ஆவலும் ஒருசேர எழுவது மனித இயல்பின் விந்தைகளுள் ஒன்று. இந்த ஆவலை முதலாகக் கொண்டு 1976ஆம் ஆண்டு ஒரு திரைப்படம் வெளிவந்தது. மெக்சிக்கோ நாட்டு இயக்குநர் ரெனே கார்டோனா குறைந்த செலவில் எடுத்த 'ஆந்தெசில் உயிர் பிழைத்தோர்' என்னும் படமே அது. மல்யுத்த வீரர்களைக் கதைத்தலைவர்களாக்கியும், அச்சமூட்டும் கதைகளைச் சொல்லியும் விரைந்து படம் எடுத்துப் பழகியவர் அவர். ஆனால் இம்முறை அவர் எடுத்துக்கொண்டது கற்பனைக் கதையன்று. நான்கே ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த உண்மை; இருபத்தொன்பது பேரை இழந்த குடும்பங்களின் கண்ணீர் காயாத துயரம். அந்த வரலாற்றை முதலில் காண்போம்.

பனியின் நடுவே எழுபத்திரண்டு நாள்கள்

உருகுவாய் நாட்டுத் தலைநகர் மொன்டேவிடியோவில் அயர்லாந்துக் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் பழைய மாணவர்கள், 'ஓல்டு கிறிஸ்டியன்ஸ்' என்ற பெயரில் ரக்பி விளையாட்டுக் கழகம் ஒன்றை அமைத்திருந்தனர். சிலி நாட்டில் ஒரு போட்டியில் கலந்துகொள்ள, உறவினரும் நண்பர்களும் உடன்வர, 1972 அக்டோபர் 12ஆம் நாள் அவர்கள் விமானப்படை விமானம் ஒன்றில் புறப்பட்டனர். வானிலை சரியில்லாமையால் அர்ஜென்டினாவின் மென்டோசா நகரில் ஓர் இரவு தங்கினர். மறுநாள் பயணம் தொடர்ந்தது. மேகம் மூடிய மலைத்தொடரைக் கடந்துவிட்டதாகத் தவறாகக் கணித்த விமானிகள், வடக்கே திரும்பி விமானத்தைத் தாழ இறக்கினர். அது மலைமுகட்டில் மோதியது. இறக்கைகளும் வாலும் பிய்ந்து வீழ, உடற்பகுதி மட்டும் பனிச்சரிவில் வழுக்கிச் சென்று, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் நின்றது.

விமானத்தில் இருந்தோர் 45 பேர். மோதியபோதும் அன்றிரவிலுமாகப் பலர் மாண்டனர். வெள்ளை விமானம் வெண்பனியோடு கலந்து கிடந்ததால், தேடி வந்த விமானங்களின் கண்ணில் அது படவில்லை. எட்டு நாள்களில் தேடுதல் கைவிடப்பட்டது. அச்செய்தியை உயிரோடிருந்தவர்கள் ஒரு சிறு வானொலிப்பெட்டி வழியாகத் தாங்களே கேட்டனர். அக்டோபர் 29 இரவு பனிச்சரிவு ஒன்று, விமானத்தினுள் உறங்கியவர்களை மூடி மேலும் எண்மரைக் கொண்டுசென்றது.

அவர்களிடம் இருந்த உணவு சிறிதளவு சாக்லேட்டும் மதுவும் தின்பண்டமுமே. அங்கே புல்லில்லை, பறவையில்லை, விறகில்லை. இருக்கைகளின் அலுமினியத் தகட்டில் பனியை வெயிலில் உருக்கித் தண்ணீர் எடுத்தனர். உணவுக்கோ வழியில்லை. இறுதியில் இறந்த தோழரின் உடல்களே தங்களை உயிர்ப்பிக்கக் கூடியவை என்ற கொடிய உண்மையை அவர்கள் நேருக்கு நேர் எதிர்கொண்டனர். நீண்ட நேரம் பேசினர், செபித்தனர், சிலர் பல நாள்கள் மறுத்தனர். 'நான் இறந்தால் என் உடலை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர்க்கொருவர் வாக்களித்துக்கொண்டனர். இளைஞர் ஒருவர் தம் காதலிக்கு எழுதிய மடலில், தம் உடல் பிறருக்கு உதவுமாயின் மகிழ்ந்து அளிப்பேன் என்று குறித்தார். பின்னர் வந்த பனிச்சரிவில் அவர் இறந்தார். இரவுதோறும் அந்த உடைந்த விமானத்தினுள் செபமாலை ஒலித்தது.

டிசம்பர் 12ஆம் நாள் நாண்டோ பர்ராடோ, ரொபெர்த்தோ கனேசா, அன்டோனியோ விசின்டின் ஆகிய மூவரும் மேற்கே மலையேறினர். உணவு போதாதென்று கண்டதும் விசின்டின் திரும்பி அனுப்பப்பட்டார். மற்ற இருவரும் ஏறக்குறைய பத்து நாள் நடந்து பசும்பள்ளத்தாக்கை அடைந்தனர். ஆற்றின் மறுகரையில் செர்ஜியோ கத்தலான் என்ற ஏழை மாட்டிடையர் நின்றார். நீரின் இரைச்சலில் பேச்சுக் கேளாததால், தாளையும் எழுதுகோலையும் கல்லோடு கட்டி அக்கரைக்கு எறிந்தார் அவர். பர்ராடோ எழுதித் திருப்பி எறிந்ததைப் படித்தவர், தம்மிடமிருந்த ரொட்டியையும் அவர்களுக்கு எறிந்துவிட்டு, பல மணி நேரம் பயணம் செய்து காவல் நிலையத்தை அடைந்தார். டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் எஞ்சியோர் மீட்கப்பட்டனர். பிழைத்தவர் 16 பேர்.

திருச்சபை தந்த விடை

டிசம்பர் 28ஆம் நாள், பிழைத்தவர்கள் தங்கள் கல்லூரியிலேயே செய்தியாளரைச் சந்தித்தனர். அவர்களுள் ஒருவரான அல்பிரேதோ டெல்காடோ, இயேசு இறுதி இராவுணவில் தம் உடலையும் இரத்தத்தையும் பகிர்ந்தளித்ததை நினைத்தே தாங்கள் துணிந்ததாக உரைத்தார். இதனைத் திருச்சபை எவ்வாறு ஏற்றது?

சாவின் விளிம்பில் வேறு வழியே இல்லாதபோது இறந்தோர் உடலை உண்டது பாவமன்று என்று திருச்சபையின் அறநெறி இறையியலார் தெளிவுபடுத்தினர். மொன்டேவிடியோவின் துணை ஆயர் ஒருவர் அதனை உடலுறுப்பு மாற்றத்திற்கு ஒப்பிட்டார். எனினும் அச்செயலை நற்கருணை என்றே அழைப்பதை அவர்கள் ஏற்கவில்லை. நற்கருணையில் நாம் உட்கொள்வது உயிர்த்த ஆண்டவரை. மலையில் அவர்கள் உட்கொண்டது உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருந்த சகோதரரை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் முன்னது பின்னதற்கு மனத்துணிவு தந்தது என்பதை மறுப்பார் யார்?

இக்கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. நற்கருணையைத் தவறாகக் கேள்விப்பட்ட உரோமையர், கிறிஸ்தவர் மனித மாமிசம் உண்பவர் என்று தூற்றினர். இரண்டாம் நூற்றாண்டில் அத்தேனாகோரஸ் அப்பழியை மறுத்து எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டில் தூய அகுஸ்தீனார் 'இறைவனின் நகரம்' என்ற தம் நூலின் இறுதிப் பகுதியில் இன்னும் நுட்பமான ஒரு வினாவை எடுத்தார். பசிக்கொடுமையால் ஒருவன் மற்றொருவனின் தசையை உண்டால், உயிர்த்தெழுதல் நாளில் அத்தசை யாருக்குரியது? அது முதலில் எவனுடைய உடலாக இருந்ததோ அவனுக்கே திரும்பும். உண்டவன் அதை இரவலாகப் பெற்றவனே என்பது அவர் தந்த விடை.

இரவல்! ஆந்தெசு மலையின் வரலாற்றை விளக்க இதனினும் பொருத்தமான சொல் நமக்குக் கிட்டாது. பிழைத்த 16 பேரும் குற்றவாளிகள் அல்லர், கடனாளிகள். கனேசா பின்னாளில் குழந்தைகளின் இதயநோய் மருத்துவரானார். கடனை அடைக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று.

மூன்று படங்கள், மூன்று பார்வைகள்

கடன் பிழைத்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. அவர்கள் கதையைச் சொல்வோருக்கும் கேட்போருக்கும் உண்டு. இந்த அளவுகோலைக் கொண்டு திரைப்படங்களைப் பார்ப்போம்.

கார்டோனாவின் படம், கிளே பிளேர் எழுதிய நூலைத் தழுவியது. அமெரிக்காவில் அது வெட்டிக் குறைக்கப்பட்டு, ஆங்கிலக் குரல் சேர்க்கப்பட்டு வெளியாகி, நல்ல வசூலும் ஈட்டியது. செலவு குறைந்தது அப்படத்தின் குற்றமன்று. மலையில் இருந்தவர்கள் விமானத்தின் வால்பகுதியில் கிடைத்த வெப்பக்காப்புத் துணியைத் தைத்தே உறங்கும் பை செய்துகொண்டனர். எளிய கருவியால் பெரிய காரியம் ஆகும் என்பதற்கு அவர்களே சான்று. குறை பார்வையில் இருந்தது. 'என்ன உண்டனர்?' என்று அது கேட்டது, 'யார் கொடுத்தனர்?' என்று கேட்கவில்லை.

1974இல் பியர்ஸ் பால் ரீட் என்ற கத்தோலிக்க எழுத்தாளர், பிழைத்தவர்களோடு உரையாடி 'அலைவ்' என்னும் நூலை எழுதினார். அதனைப் பெருஞ்செலவில் ஃபிராங்க் மார்ஷல் 1993இல் படமாக்கினார். அதில் செபமாலை உண்டு, இறைநம்பிக்கை பற்றிய உரையாடலும் உண்டு. ஆயினும் அது பிழைத்தவர்களின் வீரக்கதை. இறந்தோர் பலரின் பெயர்களும் மாற்றப்பட்டிருந்தன.

2023இல் ஸ்பெயின் நாட்டு இயக்குநர் பயோனா எடுத்த 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ', குடும்பத்தாரின் இசைவோடு இறந்தோரின் உண்மைப் பெயர்களையே கொண்டு வந்தது. ஒவ்வொரு சாவின்போதும் இறந்தவரின் பெயரும் வயதும் திரையில் தோன்றுகின்றன. கதையைச் சொல்பவரும் பிழைத்தவர் அல்லர். டிசம்பர் 11ஆம் நாள் மலையிலேயே இறந்த நூமா துர்காத்தி. 'யார் கொடுத்தனர்?' என்ற கேள்வி திரையை வந்தடைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் இறந்தோரை நினைவுகூர்கிறோம். நவம்பர் மாதத்தில் அவர்கள் பெயர்களை எழுதிப் பீடத்தருகே வைக்கிறோம். இது வெறும் வழக்கமன்று. அவர்கள் உழைப்பை உண்டு வளர்ந்தவர்கள் நாம் என்ற ஒப்புதல். தாயின் பால், தந்தையின் வியர்வை, முன்னோர் காத்த விசுவாசம் ஆகிய எல்லாம் நமக்கும் இரவலே.

மொன்டேவிடியோவில், அம்மலையில் பிள்ளைகளை இழந்த அன்னையர் 1973இல் ஒன்றுகூடினர். பிழைத்து வந்தவர்கள் மீது வெறுப்பை வளர்க்கவோ, துயரத்தில் அடைந்து கிடக்கவோ அவர்களுக்குக் காரணம் இருந்தது. அவர்களோ மாணவர்களுக்கென ஒரு நூலகத்தைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நம் பிள்ளைகள்'.