வட்டத்தைப் பிரித்த கைவினைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன்

காணி எல்லை பார்க்க வரும் நில அளவையாளர் முக்காலியில் கருவியைப் பூட்டிக் கோணம் எடுப்பதை மீள்குடியேறிய ஊர்களில் நாம் நிறையவே கண்டிருக்கிறோம். பழைய தியோடலைற் கருவிகளில் அந்த அளவின் சரிபிழை, பித்தளை வட்டத்தில் கீறப்பட்ட நுண்ணிய கோடுகளிலேயே தங்கியிருந்தது.

18ஆம் நூற்றாண்டில் அக்கோடுகளைக் கையால்தான் கீறினார்கள். தேர்ந்த கைகள் சிலவே இருந்தன. ஒரு கருவிக்கு நாட்கணக்கில் வேலை, விலையும் அதிகம்.

இதை மாற்றியவர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன். 1735இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். முதலில் துணித் தொழில் பழகி, பின்னர் லண்டன் சென்று கருவி செய்யக் கற்றார். அவர் அமைத்த பிரிப்புப் பொறியின் சக்கரம் 45 அங்குல விட்டமுடையது. விளிம்பில் 2160 பற்கள். திருகாணியை ஒருமுறை சுற்றினால் சக்கரம் பாகையில் ஆறில் ஒரு பங்கு நகரும். இதனால் கடலோடிகளின் செக்ஸ்டன்ற் கருவியைச் சிறிதாகவும் துல்லியமாகவும் செய்ய முடிந்தது.

1777இல் பிரித்தானிய நெடுங்கோட்டுச் சபை அவருக்கு 615 பவுண் வழங்கியது. ஆனால் சும்மா வழங்கவில்லை. பொறியின் அமைப்பை நூலாக வெளியிட வேண்டும், மற்றக் கைவினைஞர்களுக்கும் கற்பிக்க வேண்டும், அவர்களின் செக்ஸ்டன்றுகளை ஆறு ஷில்லிங்குக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. என் பார்வையில், பொறியைவிடப் பெரியது இந்த நிபந்தனைதான். ஒருவரின் கையோடு மறைந்திருக்கக்கூடிய தொழில் பலரின் கைக்குப் போனது.

ராம்ஸ்டன் சொன்ன தவணையில் வேலை முடிக்காதவர் என்றும் பெயரெடுத்தவர். ஜெனரல் ரோய் கேட்ட பெரிய தியோடலைற்றுக்கு மூன்று ஆண்டுகள் எடுத்தார். ஆனால் வேலை சுத்தம். 1789இல் அவர் முடித்த ஐந்தடி வட்டக் கருவி இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் போனது. அதைக் கொண்டே பியாற்சி 1801 ஜனவரி 1இல் சீரிஸ் என்ற சிறுகோளைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டே ராம்ஸ்டன் காலமாகியிருந்தார்.

அவரிடம் தொழில் பழகிய வில்லியம் கேரி செய்த அரைத்தொன் எடையுள்ள தியோடலைற்றுடன்தான் லாம்டன் தென்னிந்தியாவை அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. லாம்டன் ஆறு கிழமைகள் கூடாரத்துக்குள் இருந்து தட்டி நிமிர்த்தினார். பேரரசு தன் ஆட்சிக்காகவே அந்த வரைபடங்களைக் கீறியது என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

ராம்ஸ்டனின் பிரிப்புப் பொறி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது.