பிச்சைக்கார வேடத்தில் வந்த அடிகளார்



சோழநாட்டு இளவரசியாகிய சீர்பாததேவி ஏறிவந்த கப்பல் தங்கிய இடமே எங்கள் வீரமுனை என்பதும், அங்கே எழுந்ததே சிந்தாயாத்திரைப் பிள்ளையார் ஆலயம் என்பதும் ஐதிகம். அவ்வூர்க் கதைகளைக் கேட்டு வளர்ந்த நான், கடல் கடந்து வந்த வேறொருவரின் சரித்திரத்தை இன்று கூற விழைகிறேன். அவர் யோசேவாஸ் அடிகளார்.

இலங்கைக்குக் கத்தோலிக்க சமயம் போர்த்துக்கீசரோடு பரவியது. சமயத்தோடு வாளும் வந்தது. நல்லூர்க் கந்தன் ஆலயமும் திருக்கோணேசுவரமும் அவர்களால் இடிக்கப்பட்டன. பின்னர் காலச்சக்கரம் சுழன்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தாமும் கிறித்தவராயிருந்தும், கத்தோலிக்கக் குருமாரை நாடுகடத்தினர். குருவானவருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்றும் விதித்தனர். ஆயர் இல்லாத மந்தையாயிற்று அச்சமூகம்.

இச்செய்தி கோவாவில் 1651இல் பிறந்த யோசேவாஸின் உள்ளத்தை வருத்தியது. படையில்லை, பணமில்லை, அரசின் ஆதரவுமில்லை. 1687இல் அவர் கூலியாளின் கோலம் பூண்டு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். நோயுற்று நலிந்தும், வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். கழுத்திலே செபமாலை ஒன்றை அணிந்திருந்தார். அதைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ, அவரே தம்மவர் என்று கண்டறிதற்கு அதுவே வழி. சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் பூசை நிகழ்த்தினார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படை வழிபாட்டிற் கூடியிருந்த சுமார் 300 பேரைச் சிறைப்பிடித்தது. ஒருவர் கசையடியால் உயிர்துறந்தார். அடிகளார் அகப்படவில்லை, அவரைக் காட்டிக்கொடுப்பாரும் இல்லை. துணிவு என்பது போதகருக்கு மட்டும் உரியதன்று, அவரை மறைத்துக் காத்த எளிய மக்களுக்கும் உரியது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் அவர் புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்றார். 1692இல் போர்த்துக்கீசரின் ஒற்றர் என்ற ஐயத்தால் சிறையிடப்பட்டார். சிறையிலிருந்தே சிங்களம் கற்றார். நாளடைவில் அவருடைய தூய ஒழுக்கத்தை உணர்ந்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், பௌத்தனாயிருந்தும், அவர் சமயப்பணி புரிய அநுமதி அளித்தான். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியது. உற்றாரும் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ வெறிச்சோடிய வீடுகளை வைத்தியசாலைகளாக்கி, மதபேதம் பாராது நோயாளரைப் பேணினார். எந்தப் பிரசங்கமும் செய்யவியலாததை அப்பணி செய்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள் தாயகம் திரும்பாது உழைத்த அவர், 1711 சனவரி 16இல் கண்டியில் மறைந்தார். 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனப் பிரகடனஞ் செய்தார்.

நேயர்களே, போர்த்துக்கீசரால் துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றியவனும் கண்டியரசன் செனரதனே; ஆண்டு 1626. அடைக்கலத்தின் அருமையைக் கீழைக்கரை மக்கள் நன்கறிவர். 1990இல் எங்கள் வீரமுனை மக்களும் உயிருக்கஞ்சி ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. அந்நாளிற் கதவைத் திறந்தவர்களை நாங்கள் எந்த மதத்தவர் என்று கேட்கவில்லை.

அதிகாரத்தின் துணையோடு பரப்பப்பட்ட சமயம் அதிகாரத்தோடே தளர்ந்தது. பிச்சை ஏற்று, சிறை புகுந்து, நோயாளியின் தலைமாட்டில் விழித்திருந்து உரைக்கப்பட்ட சமயமோ நிலைத்தது. தம் நம்பிக்கையை அஞ்சாது உரைப்பதும், பிறர் நம்பிக்கையை உரைக்க இடங்கொடுப்பதும் ஒரே அறத்தின் இரு முகங்கள். முன்னதை அடிகளார் காட்டினார். பின்னதைக் கண்டி மன்னன் காட்டினான். இவ்விரண்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.