இருமலும் இல்லத்து மருந்தும்



மழைக்காலம் வந்தால் குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கும். பாட்டிமார் கற்பூரவல்லி இலையைத் தேடத் தொடங்குவர். இந்தக் கைவைத்தியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏடுகளில் பதிந்ததைவிட லயத்து அடுப்படிகளில் நடந்ததே அதில் அதிகம்.

ரப்பர்த் தோட்டங்களில் தாய்மார் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய் நின்றாக வேண்டும். பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். டிரெசரிடம் தூக்கிச் செல்வதென்றால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே சுக்கும் துளசியும் தேனும் வசம்புமே முதல் மருத்துவராயின. 1928-இல் சிங்கப்பூரில் பிறந்த கோடாலித் தைலமும் பின்னாளில் அலமாரியில் இடம்பிடித்தது. அதிலுள்ள மென்தால் மூக்கடைப்பைத் திறப்பதில்லை. திறந்தாற்போன்ற குளிர்ச்சியைத்தான் தருகிறது. கைக்குழந்தையின் மூக்கருகே அதைத் தடவவே கூடாது.

கைவைத்தியத்தைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. அவர்கள் போற்றிய சீசா மருந்தின் கதையையும் கேளுங்கள். 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமலுக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்த பொருளின் பெயர் ஹெராயின்! ஆம், இன்று நாம் அஞ்சும் அதே போதைப்பொருள்தான். இருமல் சளியை வெளியே தள்ளும் வேலைக்காரன். அவனை உறங்க வைப்பதையே மருத்துவம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2001-இல் உலக சுகாதார நிறுவனம், தொண்டைக்கு இதமளிக்கத் தேனும் எலுமிச்சையும் போன்ற வீட்டுப் பொருள்களைப் பரிந்துரைத்தது. 2008-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கடையில் வாங்கும் இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாமென எச்சரித்தது. பாட்டி பாதி வென்றாள் எனலாம்.

பாதிதான். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. தேனிலிருக்கும் ஒருவகை நுண்ணுயிர் விதை, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்துவிடும். இந்நோய் 1976-இல்தான் அடையாளம் காணப்பட்டது. நம் முன்னோருக்கு இதை அறிய வழியேது? ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று நாம் கொண்டாடிய வசம்பையோ 1968-இல் அமெரிக்கா உணவில் சேர்க்கத் தடை செய்தது. அதன் எண்ணெய் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதே காரணம்.

எது வெறும் சளி, எது நுரையீரலைத் தாக்கிய காய்ச்சல் என்று தாய் எப்படி அறிவாள்? இதற்கு வழி கிடைத்தது பெரிய நகரத்திலன்று, பாப்புவா நியூகினியின் மலைநாட்டு ஊரான கொரோக்காவில். அங்கு இருமலோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்த ஃபிராங்க் ஷான் என்னும் மருத்துவரும் துணைவர்களும், மூச்சின் வேகமே நல்ல அடையாளம் என்று 1984-இல் எழுதினர். அதன் வழியில் உலக சுகாதார நிறுவனம் அளவு வகுத்தது.

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. மூச்சு இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கற்பூரவல்லியைத் தேட வேண்டாம். மழையென்றும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.